நோயாளியைக் கேட்டீர்களா?

1924-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, சனிக்கிழமை இரவு. பூனா நகரத்து ஸாஸூன் ஆஸ்பத்திரியில் ஓர் அறை. கட்டிலில் படுத்திருப்பவர் மகாத்மா காந்தி. ராஜத் துரோகக் குற்றத்துக்காக ஆறு வருஷ தண்டனை விதிக்கப்பட்டு, 1922-ம் வருஷம் மார்ச் மாதம் முதல் சிறையில் இருந்தவர். குடல்வாலில் நோய் முற்றிவிட்டபடியால் அன்றைய தினம் அவரை எரவாடாச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தார்கள்.

சிகிச்சை செய்ய வேண்டியவர் கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேயர், சர்க்கார் வைத்தியர். அவருடைய சங்கடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். தேசமெல்லாம் தெய்வமாகக் கொண்டாடும் ஒருவர், தம் சர்க்காரின் கைதியாக, தம் கத்தியின் கீழ் இருக்கிறார். ஏதாவது விபரீதம் நேர்ந்தால் நாடு என்ன ஆகும்? நோயாளியோ, 1909-ல் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' என்ற நூலில் வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் கடுமையாகக் கண்டித்தவர்!

கர்னல் மாடக் என்ன செய்தார்? நோய் இன்னதென்பதை எடுத்துச் சொன்னார். ரண சிகிச்சை ஏன் அவசியம் என்பதை விளக்கினார். "தங்களுக்கு நம்பிக்கையான வைத்தியர்கள் யாராவது உண்டா? வரவழைக்கிறேன்" என்றார். பம்பாயிலிருந்த டாக்டர் தலால், டாக்டர் ஜீவராஜ் மேத்தா இவர்களுடைய பெயர்கள் சொல்லப்பட்டன. அவர்களை உரிய காலத்தில் அழைத்துவர இயலவில்லை. காத்திருந்தாலோ உயிருக்கு ஆபத்து. அப்போது காந்தியடிகளின் விருப்பப்படி பூனாவிலேயே இருந்த இரண்டு நண்பர்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒருவர் டாக்டர் பாடக். மற்றொருவர் நம்மவர், வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையின் தலைமை ஆசிரியராயிருந்து, பின்னர் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவரான மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஒத்துழையாமையை அவர் ஒப்புக்கொண்டவரல்லர் என்பது பிரசித்தம். ஆனாலும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவர் அவர் என்று காந்தியடிகள் கருதினார்.

வைத்தியர் தமக்கு விஷயத்தை விளக்கினார் என்பதும், தம் வைத்தியர்களை அழைக்க முன்வந்தார் என்பதும், நன்றாக யோசித்துத் தாமே ரண சிகிச்சைக்குச் சம்மதிப்பதாகவும் அங்கே ஒரு காகிதத்தில் எழுதப்பட்டது. காந்தியடிகள் அதைப் படித்துப் பார்த்து, பென்ஸிலால் கையெழுத்திட்டார். பலவீனத்தால் கை நடுங்கிற்றாம். பின்னர் சிகிச்சை நடந்தது. நடுவில் புயல் மழையால் மின்சார விளக்கு அணைந்து போய், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். பிப்ரவரி 5-ந் தேதி சர்க்கார் அவரை விடுதலை செய்தனர்.

இந்தக் கதையை நம்மில் பலர் சரித்திர சம்பவமாகப் படித்திருக்கிறோம். வைத்திய விஷயத்தில் அது ஒரு பாடம் என்று எனக்குத் தோன்றியது பிற்பாடுதான். அந்த அறையிலே ஒருவர் எஜமான சர்க்காரின் உத்தியோகஸ்தர், மற்றவர் கைதி. நேரமோ மிகக் குறைவு. இருந்தும் நோயாளியின் தேகத்தைப் பற்றிய தீர்மானம் நோயாளியின் வாயிலிருந்தே வந்தது. சுதந்திர தேசத்தின் பிரஜைகளான நம்முடைய வீடுகளிலே அவ்விதம் நடக்கிறதா?

தாழ்வாரத்தில் நடந்த தீர்மானம்

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷங்களுக்கு முன் என் தாயாருக்கு மார்பில் ஒரு சிறு கட்டி கண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பரிசோதனைகள் முடிந்தன. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. தாயாரை அறையிலேயே உட்காரவைத்து விட்டு, வைத்தியர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். "முழுவதையும் எடுத்துவிடலாம் ஸார், கவலை விட்டது" என்றார். "தாங்கள் எது நல்லதென்று நினைக்கிறீர்களோ, அப்படியே செய்யுங்கள்" என்று நான் சொன்னேன். ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. கையெழுத்திட வேண்டிய காகிதத்தில் நானே கையெழுத்திட்டேன்.

வைத்தியர் நல்லவர், கைராசிக்காரர். தாயாரும் பிழைத்தார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். ஆகையால் குறை சொல்ல ஒன்றுமில்லையென்றே நினைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்: "ஏனப்பா, அன்றைக்கு வெளியே போய் நீங்கள் இரண்டு பேரும் பேசினீர்களே, உடம்பு என்னுடையதுதானே? என்னை ஒருவரும் கேட்கவில்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் பிள்ளைகளைக் கேள்வி கேட்கிறவன் நான். என் தாயாரை ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அவருக்கு இருந்தது போன்ற ஆரம்ப நிலையில் வேறொரு வழியும் உண்டு என்பதை அறிந்தேன். கட்டியை மட்டும் எடுத்து, பிறகு கதிர் வீச்சுச் சிகிச்சை தருவதே அது. அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு பிஷர் என்பவரின் தலைமையில் 1976-ல் ஆரம்பித்த ஆராய்ச்சி ஒன்றில் 1,851 ஸ்திரீகளை இருபது வருஷ காலம் தொடர்ந்து கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. மார்பு முழுவதையும் எடுத்துக்கொண்டவர்களுக்கும், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஆயுள் விஷயத்தில் வித்தியாசமில்லை. ஆனால் வேறு விதமான வித்தியாசம் உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வீச்சும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பிற்று. கதிர் வீச்சு இல்லாதவர்களிலோ நூற்றுக்கு 39 பேருக்குத் திரும்பிற்று.

ஒரு வழியில் மார்பு மிஞ்சும். ஆனால் வாரக் கணக்கில் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும், நோய் திரும்புமோ என்ற கவலையும் கொஞ்சம் இருக்கும். மற்ற வழியில் அந்த நடையும் கவலையும் பெரும்பாலும் இல்லை, மார்பும் இல்லை. இவற்றில் எது மேல்? இந்தக் கேள்விக்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் விடை கிடையாது. விடை அந்த ஸ்திரீயிடத்தில்தான் இருக்கிறது. என் தாயாருக்கு இரண்டாவது வழி பொருந்தியிருக்குமா, அவர் எதைத் தேர்ந்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அறுபத்தைந்து குழந்தைகள்

"வைத்தியருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வியாதியைப் பற்றி வைத்தியருக்குத்தான் தெரியும். ஆனால், "இந்த வியாதிக்கு இந்தச் சிகிச்சை" என்பது எப்போதுமே கணக்குப் போல ஒரே விடை தரும் விஷயமன்று. இதை மிகவும் ருசிகரமாக எடுத்துக்காட்டிய பரீட்சை ஒன்று உண்டு.

டான்ஸில் என்கிற தொண்டைச் சதையை அறுத்தெடுப்பது ஒரு காலத்தில் மேல் நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் வழக்கமாயிருந்தது. நியூயார்க் நகரத்தில் ஆயிரம் பள்ளிக்கூடக் குழந்தைகளைப் பார்வையிட்டார்கள். 1934-ல் இதன் விவரம் வெளியாயிற்று. 611 பேருக்கு முன்பே டான்ஸில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை வைத்தியர்கள் பார்த்து, அவர்களில் 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாமென்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு முறை தப்பிய 116 பேரை மூன்றாம் முறையாக அனுப்பினார்கள். அவர்களிலும் 51 பேருக்கு எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு! முடிவில் ஆயிரத்தில் 65 குழந்தைகளே மிஞ்சினார்கள். நாலாவது தடவை அனுப்பியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்களோ, யார் கண்டது?

இங்கிலாந்தில் டாக்டர் அலிஸன் குளோவர் என்பவர் 1938-ல் இதே விஷயத்தை ஆராய்ந்தார். ஜில்லாவுக்கு ஜில்லா, ஊருக்கு ஊர், டான்ஸில் ரண சிகிச்சையின் தொகை வெகுவாக மாறுபட்டது. சீதோஷ்ணமோ, வறுமையோ, வீட்டு நெருக்கமோ இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. லண்டனை அடுத்த ஹார்ன்ஸி என்னும் ஊரில் பள்ளிக்கூட வைத்திய அதிகாரி மாறினார். 186 ஆக இருந்த எண்ணிக்கை 12-க்கு இறங்கிற்று. குழந்தைகளின் தொண்டை ஒரே வருஷத்தில் மாறிவிடவில்லை. பார்த்த கண் மாறிற்று.

1973-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தைப் பற்றி ஜான் வென்பர்க் என்னும் வைத்தியரும் அவருடைய சகாவான கிட்டல்ஸோனும் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் பிரசித்தமானது. அடுத்தடுத்த பிரதேசங்களுக்குள் டான்ஸில் சிகிச்சை பதின்மடங்குக்கு மேல் வேறுபட்டது. ஓர் ஊரில் பிறந்த குழந்தைக்குக் கத்தி. பக்கத்து ஊரில் பிறந்த குழந்தைக்கு வெந்நீரும் உப்பும்!

இவற்றால் வைத்தியர்கள் மோசக்காரர்கள் என்று ஏற்படாது. அவர்கள் படித்த கலாசாலை, பழகிய குரு, கண்ட அனுபவம் இவற்றுக்குத் தக்கபடி அபிப்பிராயம் அமைகிறது. எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமிருக்கும் விஷயத்தில், வைத்தியரின் அபிப்பிராயம் மட்டும் ஏன் முடிவு கட்ட வேண்டும்? நோயை அனுபவிப்பவரும், சிகிச்சையின் பலனை அனுபவிப்பவரும் நோயாளி அல்லவா?

இங்கே ஒரு பாகுபாடு செய்து கொள்ள வேண்டும். பாம்பு கடித்தவரிடமும், விபத்தில் ரத்தம் பெருகிக் கிடப்பவரிடமும் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. அங்கே வழி ஒன்றுதான். அதை உடனே செய்ய வேண்டும். ஆனால் வழிகள் இரண்டும் மூன்றுமாகப் பிரியும் வியாதிகள் மிகப் பல. தேய்ந்த முழங்கால், வயோதிகர்களுக்கு வரும் மூத்திரத் தடை, முதுகு வலி, ரத்தக் கொழுப்புக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிடுவதா என்ற கேள்வி, நீரிழிவுக்கு எந்த மருந்து என்ற கேள்வி ஆகிய இவையெல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்வதையே 'கூட்டுத் தீர்மானம்' என்கிறோம். அமெரிக்காவில் ஜனாதிபதி நியமித்த கமிஷன் ஒன்று 1982-லேயே இதை வற்புறுத்தி அறிக்கை வெளியிட்டது.

நூறு முகங்கள்

சேர்ந்து முடிவு செய்வது என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கத்தில் பத்து வருஷம் படித்தவர். மறு பக்கத்தில் பயந்து போய் உட்கார்ந்திருக்கும் ஒருவர். எப்படிச் சமமாகப் பேசுவது? இதற்கென்றே சில சாதனங்கள் ஏற்பட்டிருக்கின்றன. 'தீர்மானத் துணை' என்று அவற்றுக்குப் பெயர் கொடுக்கலாம். யந்திரம் ஒன்றுமில்லை. சில, ஓர் அட்டை, சில, நாலு பக்கப் புத்தகம், சில, படக்காட்சி, இக்காலத்தில் கைப்பேசியில் பார்ப்பவையும் உண்டு.

கனடா தேசத்தில் டாக்டர் டிம் வீலன் என்பவரும் அவருடைய சகாக்களும் மார்புப் புற்றுநோய் கண்ட ஸ்திரீகளுக்காக ஒரு பலகை தயாரித்தார்கள். இரண்டு சிகிச்சைகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வார்கள், பக்க விளைவு என்ன, பிற்பாடு என்ன நேரலாம் என்பவற்றை எழுதி, வைத்தியர் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து காட்டுவார். 2004-ல் வெளியான அவர்களுடைய பரிசோதனையில் 20 ரண வைத்தியர்களும் 201 ஸ்திரீகளும் சேர்ந்திருந்தார்கள். பலகையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் அதிகம் விளங்கிற்று. மனத் தடுமாற்றம் குறைந்தது. அவர்களில் நூற்றுக்கு 94 பேர் கட்டியை மட்டும் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பலகையைப் பார்க்காதவர்களில் 76 பேர்தான் அவ்விதம் செய்தார்கள். ஒரு பலகையினால் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரின் தீர்மானம் மாறுகிறதென்றால், பலகை இல்லாத இடங்களில் தீர்மானம் எப்படி ஏற்படுகிறதென்பதை யோசிக்க வேண்டாமா?

அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் விக்டர் மொந்தோரியும் அவருடைய கூட்டத்தாரும் ரத்தக் கொழுப்பு மாத்திரைக்காகச் செய்த துணை இன்னும் எளிது. ஒரு தாளில் நூறு முகங்கள். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது போல் ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்களைப் போன்ற நூறு பேரில், மாத்திரை சாப்பிடாவிட்டால் பத்து வருஷத்துக்குள் 20 பேருக்கு மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை சாப்பிட்டால் 15 பேருக்கு வரும். இதையே வைத்தியர், "ஆபத்து நாலில் ஒரு பங்கு குறையும்" என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆனால் முகங்களைப் பார்க்கும்போது வேறு உண்மைகளும் தெரிகின்றன. 80 பேருக்கு மாத்திரை இல்லாமலே ஒன்றும் நேராது. 15 பேருக்கு மாத்திரை சாப்பிட்டும் நேரும். மாத்திரையால் தப்புகிறவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒருவராயிருக்கும் வாய்ப்புக்காகத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுவது ஒருவருக்குப் பெரிய லாபமாகத் தோன்றலாம். மற்றொருவருக்குத் தோன்றாமலும் போகலாம். இருவரும் புத்திசாலிகளே.

கனடாவின் ஒட்டாவா நகரத்தில் அனெட் ஓ'கானர் என்னும் அம்மையார் இத்துறையில் வெகு காலம் உழைத்தவர். அவரும் சகாக்களும் வகுத்த வழிகாட்டித் தாள் எந்த வியாதிக்கும் பொருந்தும். வழிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நன்மை, தீமைகளைக் குறித்து, "இது எனக்கு எவ்வளவு முக்கியம்?" என்பதற்குச் சைபர் முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட வேண்டும். நட்சத்திரம் போடுகிறவர் நோயாளிதான். இந்த வேலையை வைத்தியர் அவருக்காகச் செய்ய முடியாது.

இந்தத் துணைகளால் உண்மையில் பயன் உண்டா? உலகத்து ஆராய்ச்சிகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட தொகுப்பில் 209 ஆராய்ச்சிகள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள். துணையைப் பெற்றவர்களுக்கு விஷய ஞானம் அதிகம். நேரக்கூடிய நன்மை தீமைகளின் அளவைச் சரியாக மதிப்பிட்டார்கள். தங்களுக்கு முக்கியமானது எதுவோ அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தார்கள். தீர்மானத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் குறைந்தார்கள். கெடுதல் எதுவும் தென்படவில்லை.

துணை என்று பெயர் வைத்ததெல்லாம் துணையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்து விற்பவர் அச்சிட்ட துண்டுப் பிரசுரமும் நன்மை தீமைகளைச் சொல்வதாகத்தான் வேஷம் போடும். இதற்காகவே பல தேசத்து நிபுணர்கள் 2003-ல் ஒன்று கூடி, நல்ல துணைக்கு இலட்சணம் இன்னதென்று வகுக்க முற்பட்டார்கள். 2006-ல் அதை வெளியிட்டார்கள். எல்லா வழிகளையும் சொல்லுகிறதா, நன்மையைப் போலவே தீமையையும் சம அளவில் சொல்லுகிறதா, செய்தவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்று பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பதும் ஒரு வழியானால், அதையும் சொல்ல வேண்டும்.

ஆட்சேபங்கள்

"நம்முடைய ஊர் ஆஸ்பத்திரியில் வரிசை வாசல் வரையில் நிற்கிறது. இதற்கெல்லாம் நேரமேது?" என்பது முதல் ஆட்சேபம். மேற்சொன்ன தொகுப்பில் இதையும் பார்த்திருக்கிறார்கள். வைத்தியருக்கு எதிரிலேயே துணையை உபயோகித்தால் ஓரிரண்டு நிமிஷமே கூடுதலாக ஆகிறது. முன்னதாகவே வீட்டில் படித்துக்கொண்டு வந்தால் வித்தியாசமே இல்லை. ஆனாலும் நம்முடைய கூட்டத்தில் ஓரிரண்டு நிமிஷமும் பெரிதென்பதை நான் மறுக்கவில்லை. வைத்தியரை விடத் தாதியோ, காத்திருக்கும் நேரமோ இதற்கு அதிகம் உதவக்கூடும்.

"படிப்பில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்பது இரண்டாவது. நூறு முகங்களை எண்ணுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. சந்தையில் பத்து ரூபாய்க்கு எத்தனை கத்தரிக்காய் என்று பேரம் பேசுகிற பாட்டிக்கு, நூறில் ஐந்து என்பது விளங்காமல் போகாது. சொல்லுகிறவர் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்தத் துணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வைத்தியக் கலாசாலைகளும், தமிழ் அறிந்த வைத்தியர்களும், எங்களைப் போன்ற உபாத்தியாயர்களும் சேர்ந்து இவற்றை நல்ல தமிழில் ஆக்கிக் கொடுப்பது தேசத் தொண்டேயாகும்.

மூன்றாவது ஆட்சேபம் நோயாளிகளிடமிருந்தே வருவது: "எனக்கு ஒன்றும் தெரியாது, டாக்டர். நீங்களே சொல்லுங்கள்." இதையும் மதிக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டறிந்த பிறகு, "தங்கள் யோசனைப்படி நடக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய தீர்மானமே. காந்தியடிகளும் கடைசியில் கர்னல் மாடக்கிடம் தம்மை ஒப்படைக்கத்தானே செய்தார்? ஆனால் கேட்காமலே, "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று நாம் முடிவு கட்டுவது வேறு. கேள்வி கேட்பது அவநம்பிக்கையுமன்று. கேட்டுத் தெரிந்து கொண்ட நம்பிக்கை, கண்ணை மூடிக்கொண்ட நம்பிக்கையை விட நீடித்து நிற்கும்.

நம்முடைய சட்டமும் இதைத்தான் சொல்லுகிறது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்க மருந்து பெற்ற ஒரு ஸ்திரீக்கு, வெளியே நின்ற அவருடைய தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு ஒன்று இந்திய உச்ச நீதி மன்றத்துக்கு வந்தது. 2008-ல் தீர்ப்புக் கிடைத்தது. வயது வந்து, புத்தி ஸ்வாதீனமுள்ள ஒருவருக்காக, உயிர் ஆபத்தான அவசரம் இல்லாத நிலையில், தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது கோர்ட்டு. சிகிச்சை எத்தகையது, அதனால் என்ன பயன், வேறு வழிகள் உண்டா, முக்கியமான ஆபத்துக்கள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை வைத்தியர் போதிய அளவு சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. பெற்ற தாயின் சம்மதமே செல்லாதென்றால், தாழ்வாரத்தில் நின்ற பிள்ளையின் சம்மதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை நான் மறைக்கப் போவதில்லை.

ஒரு தாளும் ஒரு பென்ஸிலும்

அச்சிட்ட துணைகள் வரும் வரையில் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அவசரமில்லாத சிகிச்சை எதற்கும் வைத்தியரிடம் போகும் முன் ஒரு தாளில் நாலு கேள்விகளை எழுதிக் கொள்ளுங்கள். இதனால் எனக்கு என்ன நன்மை? இதனால் என்ன கெடுதல் நேரலாம்? வேறு வழி என்ன? ஒன்றும் செய்யாமல் சிறிது காலம் பொறுத்தால் என்ன ஆகும்? நன்மை தீமை இரண்டையும், "என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். பதிலை அங்கேயே குறித்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துபோகும். ஐந்தாவது கேள்வி ஒன்றுண்டு. அதை வைத்தியரிடம் கேட்க வேண்டாம், வீட்டில் நோயாளியிடம் கேளுங்கள்: "உங்களுக்கு எது முக்கியம்?"

மூன்று வருஷங்களுக்கு முன் என் தாயாருக்கு முழங்கால் வலி அதிகமாயிற்று. மூட்டு மாற்று ரண சிகிச்சை செய்து கொள்ளலாம் என்று வைத்தியர் சொன்னார். இந்தத் தடவை தாயாரும் எதிரிலே உட்கார்ந்திருந்தார். தாளும் பென்ஸிலும் அவர் மடியில் இருந்தன. வலி வெகுவாகக் குறையும், நன்றாக நடக்கலாம் என்றார் வைத்தியர். தாயார் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு, "கீழே உட்கார்ந்து பூத்தொடுக்க முடியுமா?" என்று கேட்டார். வைத்தியர் சற்று யோசித்தார். மாற்று மூட்டு பொருத்திய பிறகு தரையில் சம்மணமிட்டு உட்காருவது பெரும்பாலோருக்கு எளிதாவதில்லையென்றும், வேண்டாமென்றே தாம் சொல்லுவது வழக்கமென்றும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "அது உங்களுக்கு அவ்வளவு முக்கியமா, அம்மா?" என்று கேட்டார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்காக நான் அவரை மனத்திற்குள் வணங்கினேன்.

வீட்டுக்கு வந்து தாயார் தாளில் நட்சத்திரம் போட்டார். கோவிலுக்கு நடந்து போவதற்கு மூன்று. பூஜை அறையில் தரையில் உட்காருவதற்கு ஐந்து. தேகப் பயிற்சியும், வேண்டும்போது வலி மாத்திரையுமாக இப்போதைக்கு இருந்து பார்ப்பதென்றும், ஒரு வருஷம் கழித்து மறுபடி யோசிப்பதென்றும் முடிவு செய்தார். அப்படியே வருஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறார். நானாக இருந்தால் ரண சிகிச்சையைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். சில நாள் காலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்கும்போது, அவர் செய்தது சரிதானா என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருகிறது.

அந்தத் தாள் அவருடைய பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. போன தடவை அதை எடுத்தபோது கோவிலுக்குப் போட்டிருந்த மூன்று நட்சத்திரத்தை நாலாகத் திருத்தினார். "இன்னும் ஐந்து ஆகவில்லை, ஆனால் சொல்லுகிறேன்" என்றார். நான் தலையசைத்து விட்டு, பென்ஸிலை வாங்கிச் சீவிக் கொடுத்தேன்.